குழாய் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்க ஊர் அம்மன் கொடைக்கு ஆடல் பாடல் வைக்க அனுமதி கேட்டுப் போனோம். ஆபாசப் பாட்டு, இரட்டை அர்த்தப் பாட்டு, சாதிப் பாட்டு எதுவும் போட மாட்டோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுதாங்க. யூடியூப்ல கோடிப் பேரு கேக்குற பாட்டை நாங்க மைக் செட்ல போட்டா மட்டும் குத்தமா? பேச்சுச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அமெரிக்காவுல என்ன வேணும்னாலும் பாடுதானே?"

நான் பாளையங்கோட்டையில் வக்கீல். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல் வந்த பிறகு, பங்குனியும் சித்திரையும் பிறந்தால் கொடை அனுமதி மனுக்கள் என் மேசையில் குவியும். எங்கள் ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறவனும்தான். ஆகவே இரண்டு பக்கத்து எரிச்சலும் எனக்குத் தெரியும்.

சுதந்திரம் இருக்கிறது தம்பி. ஆனால் ஸ்டேஷனில் எழுதி வாங்குகிற அந்த ஒற்றை வரிக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகளைத் திணித்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை ஒன்று. காமம் இன்னொன்று. ஒரு கூட்டத்தையோ ஒரு பெண்ணையோ கீழே போட்டு மிதிப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் காட்டுகிற விறைப்பை மூன்றாவதுக்குக் காட்டுவதில்லை. என் வருத்தமெல்லாம் அதுதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 19(2) அதற்கு வேலி போடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத காரணத்தைச் சொல்லி வாயைக் கட்ட முடியாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது பட்டியலில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்தில் 294-ஆம் பிரிவு பாட்டையே பெயர் சொல்லிப் பிடிக்கும்: பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசமான பாட்டு, கதைப்பாட்டு, சொல் எதையாவது பாடி அடுத்தவருக்குத் தொந்தரவு தந்தால் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சம்ஹிதாவில் 296-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கதைப்பாட்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறான் பாருங்கள், நம் வில்லுப்பாட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதினானோ என்று நான் ஜூனியர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆனால் 'ஆபாசம்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரு வங்க நாவல் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது: கொச்சை வேறு, ஆபாசம் வேறு, கொச்சை அருவருப்பைத் தரலாம், அதனாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது. 2014-இல், இன்றைய சமூகத்தின் அளவுகோலை வைத்து முழுப் படைப்பையும் பார்க்க வேண்டும் என்றது. 2022-இல், வெறும் வசவு 294-க்குள் வராது, காம எண்ணத்தைக் கிளறும் தன்மை இருக்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில், கல்லூரிப் பிள்ளைகள் கெட்ட வார்த்தை பேசும் ஒரு இணையத் தொடர் மீதான வழக்கையே ரத்து செய்தது. வசவு பெரும்பாலும் கோபத்தின் மொழி, அதற்கும் காமத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

நமக்கு இதைச் சொல்ல டெல்லி வரை போக வேண்டுமா? பேரனைக் கொஞ்சுகிற ஆச்சியே "ஏ சவத்து மூதி, இங்க வாலே" என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போட?

அடுத்தது காமம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் சீமையின் பாட்டுப் பரம்பரையில் பாதி இதில்தான் இருக்கிறது. தென்காசிக்கு அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். சிங்கன் சிங்கியைத் தேடி அலைவதும், கண்டதும் அவள் காலிலும் இடுப்பிலும் கிடக்கிற நகைகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக் கேட்பதும், அவள் பிடிகொடுக்காமல் பதில் சொல்வதும் முழுக்கக் குறும்பு. அதற்கு மேலும் போகிற இடங்கள் உண்டு. 1944-இல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். சபாவில் பட்டு உடுத்தி உட்கார்ந்து பார்த்தார்கள். அதே குறும்பை நையாண்டி மேளக்காரர்கள் நம்மூர்ப் பொட்டலில் ராத்திரி பதினோரு மணிக்குச் செய்தால் இரட்டை அர்த்தம், ஆபாசம், வழக்கு. இடைசெவல் கி. ராஜநாராயணன் பாலியல் கதைகளைச் சேகரித்துப் புத்தகமாகவே போட்டார். அந்தக் கதைகளெல்லாம் நம் கிழவன் கிழவிகள் களத்து மேட்டில் சொன்னவை. கரகாட்டக்காரரும் கோமாளியும் பேசுகிற பேச்சை ஆபாசம் என்று ஒதுக்குகிறவர்கள், எங்கே நின்று பார்க்கிறார்கள் என்று தங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

இப்படித்தான் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு எதிர்ப்பு வந்தபோது, நானும் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு "குறவஞ்சி பிறந்த மண்ணில் இதென்ன கூத்து" என்று வாய் கிழியப் பேசினேன். மதுரைக் கிளை வரை விவகாரம் போய், 2023-இல் அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்து ஆணை போட்டது. அப்போது குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், வேறு ஒரு வழக்குக்காக என்னிடம் வந்தவர், எழுந்து போகிற நேரத்தில் சொன்னார்: "சார், ஆடுறவங்க எங்காளுக இல்ல. பாக்குறவங்களும் எங்காளுக இல்ல. பேரு மட்டும் எங்க பேரு. எம் பொண்ணு காலேஜுல அந்தப் பேரச் சொல்ல முடியல." அரைகுறை உடையோ ஆபாசமோ அவர் பேச்சில் வரவே இல்லை. அவர் மகளின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேலியைத்தான் சொன்னார். டீக்கடையில் நான் பேசிய பேச்சுக்கு அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆட்டத்தைத் தடை செய்தது சரியா, பெயரை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கலாமா என்று இன்னும் எனக்குள் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் காமமும் இழிவும் ஒன்றல்ல என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

இரட்டை அர்த்தம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நாடக நடிகர் விசுவநாத தாஸ் 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். அப்போது சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, 1910-இல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் கொக்கு விரட்டுகிற சாக்கில் 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்று பாடுவார். கூட்டத்துக்கு அது எந்த வெள்ளைக் கொக்கு என்று தெரியும். போலீசுக்கும் தெரியும். பல தடவை சிறைக்குப் போய் வந்தார். 1940 டிசம்பர் 31 அன்று மேடையில் முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்திருந்தபோதே உயிர் போயிற்று. 'இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது' என்ற இன்றைய நிபந்தனையை அன்றைக்கு வைத்திருந்தால் முதலில் அகப்பட்டிருப்பவர் அவர்தான். எட்டயபுரத்துப் பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செத்து ஏழு வருசம் கழித்து, 1928-இல், சென்னை மாகாண அரசு அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசினார். அரசாங்கத்துக்குப் பாட்டு என்றால் எப்போதும் கொஞ்சம் பயம்தான், தம்பி.

அந்தப் பயம் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. 2015-இன் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 30 அன்று, டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனைத் திருச்சியில் வைத்துக் கைது செய்தார்கள். போட்ட பிரிவு ராஜத் துரோகம், 124-ஏ. சாராயக் கடையை மூடச் சொல்வது எந்த ராஜாவுக்குத் துரோகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு ஜாமீனில் வந்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து, சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்த டிசம்பரில், கெட்ட வார்த்தையைப் பீப் சத்தத்தால் மறைத்த சிம்புவின் 'பீப்' பாட்டு இணையத்தில் கசிந்தது. மாதர் சங்கத்தினர் தெருவுக்கு வந்தார்கள், கோவையிலும் சென்னையிலும் வழக்குகள் பதிவாயின.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பீப் பாட்டின் மீது கோபப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு கெட்ட வார்த்தைதான் உறுத்தியது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் பாட்டு சுத்தமாகிவிடுமா? காதலை ஏற்காத பெண்ணை வசைபாடுவது, குடித்துவிட்டு அவள் குலத்தையே திட்டுவது, அவளை விரட்டுவதே ஆண்மை என்று தாளம் போடுவது, இதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் தணிக்கைச் சான்றிதழோடு நம் காதில் இருபது முப்பது வருசமாக விழுந்துகொண்டிருக்கிறது. மினி பஸ்ஸில் டவுனிலிருந்து வீடு திரும்புகிற ப்ளஸ் டூ பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். கண்டக்டர் சத்தத்தைக் கூட்டி வைக்கும்போது பின்சீட்டுப் பயல்கள் எந்த வரியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அந்த வரியில் பீப் போட எந்தச் சொல்லும் இல்லை.

அமெரிக்காவைக் கேட்டீர்கள். அங்கேயும் பாட்டு நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1985-இல் அமெரிக்க செனட் ஒரு விசாரணையே நடத்தி, கடைசியில் 'பெற்றோர் கவனத்துக்கு' என்று இசைத்தட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிற ஏற்பாட்டில் போய் முடிந்தது. 1990-இல் டூ லைவ் க்ரூ என்ற குழுவின் ஆல்பத்தை ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி ஆபாசம் என்று தீர்த்தார், அதை விற்ற கடைக்காரரைக் கைதும் செய்தார்கள். 1992-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது. நம்மூர் அனுபவமும் அதுதான். தடை என்று பத்திரிகையில் வந்துவிட்டால், கேட்காதவனும் தேடிப் பிடித்துக் கேட்பான்.

இனி சாதிப் பாட்டு. உங்கள் கேள்வியின் முள் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சில வருசங்களுக்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். எந்த ஊர் என்பது வேண்டாம். கொடைக்கு மூன்று நாளும் ஒரே சினிமாப் பாட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. பாட்டில் ஒரு கெட்ட சொல் கிடையாது. ஒரு சாதியின் பெயர்கூடக் கிடையாது. வீரம், மண், மீசை, அருவா. அவ்வளவுதான். ஆனால் ரேடியோ செட்டுக்காரர் கட்டியிருந்த நான்கு ஒலிபெருக்கிக் குழாயில் ஒன்றைப் பந்தலில் இருந்து கழற்றி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவைப் பார்த்துத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். அந்தத் தெருவில் இருந்து எவரும் கோயிலுக்கு வருவதில்லை, வர விடுவதும் இல்லை. பிறகு அவர்களுக்கு எதற்குப் பாட்டு? இரண்டாம் நாள் ராத்திரி கல் விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் வழக்கு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களுக்காக நான் ஆஜரானேன். பாட்டின் வரிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பிரிவில் இதைக் கொண்டுவருவது என்று ராத்திரி முழுக்கப் பார்த்தேன். சாதிகளுக்கு இடையே பகை வளர்ப்பது பழைய தண்டனைச் சட்டத்தில் 153-ஏ, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 196. பட்டியல் சாதியினரைப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும், அவர்கள் மீது வெறுப்பை வளர்ப்பதும் 1989-ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் தனித்தனி உட்பிரிவுகள். சட்டம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சொல்லைத் தேடுகிறது. இங்கே குற்றம் சொல்லில் இல்லை, குழாய் பார்த்திருந்த திசையில் இருந்தது. தென்னை மரத்தையும் வாய்க்காலையும் எப்படி அச்செடுத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது?

ஆகவே, 'யூடியூப்பில் கோடிப் பேர் கேட்கும் பாட்டு' என்ற உங்கள் வாதம் இங்கே நிற்காது. போனில் கேட்கிறவன் விரும்பிக் கேட்கிறான், பிடிக்கவில்லை என்றால் நிறுத்துகிறான். குழாய்க்கு அடியில் குடியிருக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஒலி மாசு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுவே: பேச உனக்கு உரிமை உண்டு, கேட்காமல் இருக்க அடுத்தவனுக்கும் உரிமை உண்டு, ஒலிபெருக்கியை வைத்து எவனையும் கட்டாயமாகக் கேட்க வைக்க முடியாது. ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும் 2000-ஆம் வருசத்து விதிதான். திருவிழாக்களுக்காக வருசத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைக்கும் அரசு தளர்த்தலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அருவாளோடு உடன் படிக்கிற பையன் வீட்டுக்குள் புகுந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு, 2024-இல் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைக்கூடத் தடுக்கச் சொல்லியிருந்தார். கயிறு பேசுகிறது என்றால் பாட்டு பேசாதா? ஸ்டேட்டஸில் அருவாளுக்குப் பின்னால் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று உங்கள் தம்பி தங்கைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அப்படியானால் சாதி என்ற பேச்சே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. இதுதான் போலீசோடு நான் சண்டை போடுகிற இடம். மதுரைக் கிளை கொடை அனுமதி தரும்போது வழக்கமாக விதிக்கிற நிபந்தனைகளில் ஒன்று, எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் பற்றிய பாட்டு கூடாது என்பது. ஆடல் பாடல் குழுவுக்கு அது சரி. வில்லுப்பாட்டுக்கு? முத்துப்பட்டன் கதையைச் சாதி சொல்லாமல் எப்படிப் பாடுவது? பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கிற சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மயங்கி, குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்துக் காட்டிப் பெண் கேட்கிற கதை. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாக நிற்கிற அந்த முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் செருப்பைத்தான் காணிக்கை வைக்கிறார்கள். சாதியை எடுத்துவிட்டால் அந்தச் செருப்புக்கு என்ன பொருள்?

தடை என்றால் போலீஸ் தொப்பியோடுதான் வரும் என்றும் இல்லை. இந்தக் கதையிலேயே பின்னாளில் ஒரு ஒட்டு போட்டார்கள்: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், பகடை வீட்டில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான் என்று. நாங்குநேரிக்காரர், நாட்டார் பாட்டு ஆய்வாளர் நா. வானமாமலை அந்த இடைச்செருகலை வெளிச்சம் போட்டுக் காட்டினார். எந்தச் சட்டமும் இல்லாமலே ஒரு பாட்டின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் ஒரு தடவை வில்லுப்பாட்டுக் குழு நடத்துகிற ஒரு அண்ணாவியிடம் கேட்டேன், பெண்ணின் அப்பனை ஊரார் சாதி சொல்லி ஏசுகிற இடத்தை நீங்கள் எப்படிப் பாடுகிறீர்கள் என்று. அந்த இடம் வரும்போது அவர் வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு வீசுகோலால் வில்லை ஒரு அடி அடிப்பார், மணியெல்லாம் குலுங்கும். நம்மூர் பீப். "முழுசும் சொன்னா முன்னால இருக்க பிள்ளைய மொகம் வாடிரும் சார். சொல்லாமலே போனா ஏசினவன் தப்பிச்சிருவான்" என்றார். இந்த நுணுக்கத்தை நான் எந்தத் தீர்ப்பிலும் படித்ததில்லை.

சரி, உங்கள் காரியத்துக்கு வருகிறேன். மனுவில் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் 'ஆடல் பாடல்' என்ற தலைப்பின் கீழ் சேர்க்காதீர்கள். சாமிக்குச் செய்கிற சடங்கு என்று தனியாக எழுதி, கதையின் பெயரையும் போடுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை வைத்து மதுரைக்குப் போக முடியாது. 'கலவரம் வரும்' என்று மட்டும் எழுதித் தந்தால், ஒரு தமிழ்ப் படத்துக்காக 1989-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ரங்கராஜன் தீர்ப்பை உங்கள் வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள். எவனோ மிரட்டுகிறான் என்பதற்காகப் பேச்சை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, வெடிமருந்தில் பொறி விழுகிற மாதிரி ஆபத்து கண்முன் இருந்தால்தான் தடுக்கலாம் என்று அதில் இருக்கிறது.

அப்புறம், ரேடியோ செட்டுக்காரர் குழாய் கட்டுகிற அன்றைக்குக் கமிட்டியில் பெரியவர்கள் இரண்டு பேர் கூட நில்லுங்கள். வாய்க்கால் பக்கம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். செலவும் ஒரு குழாய் மிச்சம்.

உங்கள் கொடை எந்தத் தேதி என்று எழுதவில்லையே? பதினைந்து நாளாவது கையில் இருந்தால்தான் மனு போட முடியும்.